டாக்டரம்மா வாட்ச்சும் கலியன் சேவலும்

2025 ஜனவரி 27, திங்கள்

கெசியாவுக்கு மூக்கு ஒழுகுகிறது. காய்ச்சல் இல்லை. நான் தொட்டுப் பார்த்தேன், இல்லை. என் கணவர் எபியும் தொட்டுப் பார்த்தார், இல்லை. கேன்டீன் வேலை முடிந்து எபியின் அம்மாவான அத்தை வந்ததும் அவரையும் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். "சுடல ஏஞ்சலு. நீ தொட்டுத் தொட்டுத்தான் புள்ளைக்கு சுடப் போவுது" என்றார்.

நேற்றும் கோயிலுக்குப் போகவில்லை. இந்தப் பனியில் அவளைத் தூக்கிக்கொண்டு போக மனசு வரவில்லை.

எல்லோரும் தூங்கிவிட்டார்கள். இப்போதுதான் எண்ணி முடித்தேன். மூச்சு சரியாகத்தான் இருக்கிறது. முதலில் மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்ப்பேன். காற்று விரலில் பட்டதும் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே எண்ணுவேன்.

எட்டாம் மாதத்தில் பிறந்தவள். கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய்களோடு கிடந்தவள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: "சளி பிடிச்சா மட்டும் ஒரு நிமிஷம் மூச்சை எண்ணிப் பாருங்க." அந்த 'மட்டும்' என் காதிலேயே விழவில்லை என்று எபி சொல்வார். இருக்கலாம். இதோ, அவளுக்கு ஒரு வயசு நெருங்குகிறது. சளி இருந்தாலும் எண்ணுகிறேன், இல்லாவிட்டாலும் எண்ணுகிறேன்.

செல்போன் வெளிச்சத்தில் அவள் விழித்துக்கொள்கிறாள் என்றுதான் மாமா தன் கையிலிருந்த வாட்ச்சைக் கழற்றித் தந்தார். "டாக்டரம்மா நாடி பாத்த வாட்ச்சு இது. பாப்பா மூச்சு பாக்க மாட்டேன்னா சொல்லப் போவுது?"

விசித்திரமான வாட்ச். நீளவாக்கில் இருக்கும். மேலே சின்ன வட்டத்தில் மணி, கீழே அதைவிடப் பெரிய வட்டத்தில் நொடி முள் மட்டும். அந்தக் காலத்தில் இங்கே மிஷன் டிஸ்பென்சரி நடத்திய டாக்டரம்மா, ஊரை விட்டுப் போகிற வருஷம் அதை அறுவடைப் பண்டிகைக்குக் காணிக்கையாக வைத்தாராம். மாமா அப்போது கழனி வேலை செய்த இளவட்டம். காணிக்கைப் பொருள்களைக் கோயிலில் ஏலம் விட்டபோது, ஒரு மாசக் கூலியை அப்படியே கொடுத்து எடுத்திருக்கிறார். காரணம் அத்தை. "நேரத்துக்கு வராத ஆளை நான் கட்டிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாராம் ரோசம்மாள் அத்தை.

பித்தளைக்கு முலாம் பூசியது என்று ஊரே சிரித்ததாம். கல்யாணம் நடந்ததா இல்லையா?

ஜனவரி 30, வியாழன்

போச்சு. போச்சு. குளிப்பாட்டும்போது வாட்ச்சை ஜன்னல் மேல வெச்சேன், எட்டாதுன்னு நெனச்சேன். எட்டிட்டா. எட்டி எடுத்து வாளிக்குள்ள போட்டுட்டு என்னைப் பாத்து சிரிக்கிறா.

நின்றுவிட்டது. கண்ணாடிக்குள் ஆவி.

மாமாவிடம் உடனே சொன்னேன். அவர் காதில் வைத்துக் கேட்டார். "தண்ணி குடிச்சிருக்குது, அவ்ளோதான். காய வெய்யி" என்று கொடுத்துவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார். போனில் தேடினேன். அரிசிக்குள் புதைத்தால் ஈரத்தை இழுத்துவிடும் என்று போட்டிருந்தது. நான் கெமிஸ்ட்ரி படித்தவள். எனக்கே தோன்றியிருக்க வேண்டும்.

சமையல் அரிசியில் வைத்தால் அத்தை படியை விட்டு அள்ளும்போது கண்ணாடி உடையும். அதனால் பிடி அரிசி டப்பாவில் வைத்தேன். ஒவ்வொரு முறை உலை வைக்கும்போதும் கோயிலுக்கென்று ஒரு பிடி அள்ளிப் போடுகிற டப்பா. அதில் போடுவோமே தவிர யாரும் எடுப்பதில்லை. இந்த வீட்டிலேயே பத்திரமான இடம் அதுதான்.

பிப்ரவரி 2, ஞாயிறு

பத்திரமான இடமாம்!

அறுவடைப் பண்டிகை எப்போதும் பிப்ரவரி கடைசியில்தான் வரும். இந்த வருஷம் வருகிற ஞாயிறே வைத்துவிட்டார்களாம். மூன்று வாரமாகக் கோயிலுக்குப் போகாத எனக்கு எப்படித் தெரியும்? பண்டிகை விருந்துக்கு இன்றைக்கே எல்லார் வீட்டுப் பிடி அரிசியையும் சேர்த்துப் புடைத்து வைக்கிறார்கள். விடியற்காலையில், உள்ளே வாட்ச் இருப்பது தெரியாமலே, அத்தை டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய், கோயிலில் விரித்திருந்த தார்ப்பாயில் கவிழ்த்துவிட்டு, அப்படியே கேன்டீனுக்குப் போய்விட்டார்.

மீன்கார சம்பூர்ணம் அக்கா வந்து சொல்லித்தான் எனக்கு விஷயம் தெரியும். பழவேற்காட்டிலிருந்து வருகிறவர். எங்கள் கோயில் வாசலில் கூடையை இறக்கிவிட்டுத்தான் தெருவுக்குள்ளேயே நுழைவார்.

"ஏ ஏஞ்சலு! உங்க கோயில் அரிசி டிக்கு டிக்குன்னுதுடி! பொட்டையளுங்க மொறத்தப் போட்டுட்டு ஓட்றாளுங்க. எவளோ குண்டுன்றா. நான்தான் கைய வுட்டுத் துழாவுனேன். நண்டு இருக்குற வலையில கைய வுடுறவ, அரிசிக்கு பயப்படுவனா? எடுத்தா உங்க மாமன் வாட்ச்சு!"

குலுக்கிய குலுக்கலில் உயிர் வந்திருக்கிறது. ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். சத்தியமாக ஒரே நொடிதான். அடுத்து அக்கா சொன்னது:

"உங்க மாமனுக்கு இன்னா மனசுடி! பேத்தி பொழைச்சதுக்குச் சொல்லாமக் கொள்ளாம அரிசில வெச்சுக் குடுத்துருக்காரே. ஆயரு அதப் பீடத்துல வெச்சு பாப்பா பேரச் சொல்லி ஜெபம் பண்ணாரு. எல்லாரும் கண்ணத் தொடச்சிக்கினாங்க."

பீடத்தில். கெசியா பேரைச் சொல்லி.

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அக்கா கால் கிலோ நெத்திலி சும்மாவே போட்டுவிட்டுப் போனார்.

பிப்ரவரி 3, திங்கள்

நேற்று மாமா டீக்கடையிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் வழியில் எத்தனை பேர் கை குலுக்கினார்களோ! "இன்னாத்துக்குக் குடுக்குறாங்கன்னே தெரியாம நானும் குடுத்துக்கினே வந்தேன்" என்கிறார். நான் அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னேன். அத்தைக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "நானே தூக்கினு போயி நானே கொட்டிட்டு வந்துட்டனே!"

இன்று ஆயர் வந்தார். போன ஜூனில்தான் இந்தச் சபைக்கு வந்தவர், சின்ன வயசு. மாமா உள்ளதைச் சொன்னார். ஆயர் உடனே, "அட, தவறி வந்ததுதானே? ராத்திரி வந்து எடுத்துக்குங்க. நான் சொல்லிக்கிறேன்" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. மாமாவோ தலையை ஆட்டினார். "முடியாது அய்யா. கலியன் இருக்கான்."

ஆயருக்குப் புரியவில்லை. அத்தைதான் சொன்னார். மூன்று வருஷத்துக்கு முந்தைய பண்டிகையில், எங்கள் தெரு கலியன் மாமாவின் சேவல் வேலி தாண்டிக் கோயிலுக்குள் வந்துவிட்டது. காணிக்கை என்று நினைத்து யாரோ அதையும் மற்ற கோழிகளோடு கட்டிவிட்டார்கள். வருஷா வருஷம் ஏலம் விடுகிறவர் எங்கள் மாமாதான். கலியன் மாமா ஓடிவந்து "என் சேவல்டா" என்று கத்த, இவர் ஸ்டூல் மேல் நின்றுகொண்டு, "பீடத்துல வெச்சது வெச்சதுதான்! வேணும்னா ஏலத்துல கேளு!" என்றிருக்கிறார். தன் சேவலுக்குத் தானே காசு கொடுப்பதா என்று கலியன் மாமா ஏலம் கேட்கவில்லை. அத்திப்பட்டு ஆள் ஒருத்தர் எடுத்துப்போய்க் குழம்பு வைத்துவிட்டார். அன்றிலிருந்து மாமா தெருவில் நடந்தால் கலியன் மாமா வீட்டுக்குள்ளிருந்து "கொக்கரக்கோ" என்று ஒரு சத்தம் வரும்.

"இப்போ நான் வாட்ச்சத் தூக்கினு வந்தா, அவன் என்னை சாவுற வரைக்கும் கூவிக்கினே இருப்பான்" என்றார் மாமா.

ஏலத்தில்தான் எடுக்க வேண்டும். அதுவும் ஏலம் விடுகிறவர் கேட்கக் கூடாது. எபிக்கு அன்றைக்கு ஷிப்ட். அரிசியில் வைத்தவளே கேட்கட்டும் என்றார் அத்தை. ஆக, நான்.

நான்! பஸ்ஸில் 'இறங்கணும்' என்று சொல்லக்கூடக் கூச்சப்பட்டு அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வந்தவள்!

பிப்ரவரி 5, புதன்

ஒரு கேள்வி, எனக்கு மட்டும். அவள் பேரில் ஜெபம் பண்ணிய பொருளைத் திரும்ப எடுத்தால் அவளுக்கு ஏதாவது ஆகுமா? எபியிடம் கேட்டேன். "கடவுள் இன்னா அடகுக்கடை சேட்டா, மூழ்கிப்போச்சு தர மாட்டேன்றதுக்கு?" என்கிறார். அவருக்கு எல்லாமே விளையாட்டு.

போனில் எண்ணிப் பார்த்தேன். வெளிச்சம் பட்டு விழித்து, விடிகிற வரை விளையாடினாள்.

பிப்ரவரி 6, வியாழன்

கோயில் வாட்ஸப் குரூப்பில் வாட்ச்சின் படத்தைப் போட்டிருக்கிறார்கள். அது எங்கெங்கோ போய், சென்னையிலிருந்து சபரிநாதன் என்று ஒருவர் ஆயருக்குப் போன் செய்திருக்கிறார். பழைய கைக்கடிகாரங்கள் சேர்க்கிறவராம். இது டாக்டர்கள் நாடி பார்ப்பதற்கென்றே அந்தக் காலத்தில் செய்த வகை, தங்கத்தில் செய்தது ரொம்பக் கொஞ்சம், இது அதில் ஒன்றாகத்தான் தெரிகிறது, இந்தியாவில் தான் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை என்றாராம். ஞாயிறு நேரில் வருகிறாராம்.

தங்கம்!

மாமா அதைக் கட்டிக்கொண்டுதான் இத்தனை வருஷமும் ரோலிங் மில்லில் இரும்புக் கம்பி தூக்கினார். மாட்டுக்குத் தவிடு கலக்கினார். ஒருமுறை பழைய பைக்கின் செயின் கவரைத் திறக்க வாட்ச் பட்டையின் கொக்கியைப் பயன்படுத்தியதை நானே பார்த்தேன்.

செய்தி கேட்டு மாமா கையிலிருந்த டீ டம்ளரைக் கீழே வைத்தார். அப்புறம் அத்தையைப் பார்த்துச் சொன்னார்: "பாத்தியாடி. அப்பவே உனக்குத் தங்கத்துலதான் செலவு பண்ணியிருக்கேன்."

"கழுத்துல போடுறதுக்கு பதிலா உன் கையில போட்டுக்கின" என்றார் அத்தை. ஆனால் முகமெல்லாம் சிரிப்பு.

பிப்ரவரி 8, சனி

என் பி.எப். பணம் இருக்கிறது. வேலையை விட்டபோது வந்தது, தொடவே இல்லை. அது வரைக்கும் கேட்கலாம், அதைத் தாண்டக் கூடாது என்று அத்தை சொல்லிவிட்டார். சரி என்றேன்.

நாளைக்கு எப்படிக் கையைத் தூக்கப் போகிறேன்? கண்ணாடி முன் நின்று தூக்கிப் பார்த்தேன். கெசியும் தூக்கினாள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

கை வலிக்க வலிக்க எழுதுகிறேன். ஒன்று விடாமல் எழுதணும்.

கோயில் முன்னால் பந்தல். பீடத்தைச் சுற்றி நெல் மூட்டை, கரும்பு, வாழைத்தார், பூசணி, சம்பூர்ணம் அக்கா கொடுத்த நண்டுக் கூடை. இப்போது பாதிப் பேர் சிப்காட்டில்தானே வேலை? கழனி இல்லாதவர்கள் என்ன முதற்பலன் கொடுப்பார்கள்? தீபாவளிக்குக் கம்பெனி கொடுத்த ஹாட்பாக்ஸ், குக்கர், பிரிக்காத ஸ்வீட் டப்பா. எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு பித்தளைத் தட்டில் சிவப்புத் துணி விரித்து வாட்ச்.

மாமா வெள்ளை வேட்டியில் ஸ்டூல் மேல் ஏறினார். பூசணியைத் தூக்கி, "பாருங்க, எங்க பழைய மேனேஜர் தலை கெணக்கா இன்னா பளபளப்பு!" என்றார். ஒரு எலுமிச்சம்பழத்துக்கு இரண்டு சம்பந்திகள் போட்டி போட்டு, அந்தக் காசுக்கு எலுமிச்சை மரமே வாங்கியிருக்கலாம். கடைசியில் ஜெயித்தவர் அதைத் தோற்றவர் கையிலேயே கொடுத்தார். ஒரே கூச்சல். கலியன் மாமா ஒரு செவலைச் சேவலை ஏலத்தில் எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்துகொண்டார். சேவல் மாமாவையே முறைத்துக்கொண்டிருந்தது.

சபரிநாதன் கார் அப்போதுதான் வந்தது. வில்லன் மாதிரி இருப்பார் என்று நினைத்திருந்தேன். ஒல்லியாக, கூச்சமாக, செருப்பை எங்கே விடுவது என்று கேட்டுக்கொண்டு வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு லென்ஸை எடுத்து, வாட்ச்சைக் கையில் வாங்கிப் பார்த்தார். அவர் மூச்சு விட மறந்ததை நான் கவனித்தேன். மூச்சு விஷயத்தில் என் கண் தப்பாது.

மாமா வாட்ச்சைத் தூக்கிப் பிடித்தார். "டாக்டரம்மா வாட்ச்சு. இந்த ஊர்ல பாதிப் பேரு நாடி பாத்தது. யாரு கேக்குறீங்க?"

சபரிநாதன் ஒரு விரலை உயர்த்தி ஒரு தொகை சொன்னார்.

என் கை எழும்பியது. குரல்தான் வரவில்லை. இடுப்பிலிருந்த கெசியும் கையைத் தூக்கி "தா!" என்று கத்தினாள்.

"அம்மா கேட்டாளா, பாப்பா கேட்டாளா? தெளிவா சொல்லுங்கப்பா, ரெண்டு பேரு கேட்டா ரெண்டு கேள்வி!" என்றார் மாமா. சிரிப்பு. அந்தச் சிரிப்பில்தான் எனக்குக் குரல் வந்தது. சொன்னேன். அவர் ஏற்றினார். நான் ஏற்றினேன். நடுவில் கலியன் மாமாவும் சும்மா ஏற்றிவிட்டுச் சேவலைத் தடவிக்கொண்டார்.

எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை. கூட்டமே என்னைப் பார்க்கிறது, கைதட்டுகிறது, எனக்குக் கூச்சமே இல்லை! "ஏஞ்சலு, வுடாத!" என்று சம்பூர்ணம் அக்கா கத்துகிறார். பி.எப். பணம் தாண்டியது எனக்குத் தெரியவே தெரியாது. அத்தை இடுப்பில் கிள்ளினார். அதற்கப்புறமும் ஒருமுறை கேட்டேன். அத்தை மறுபடி கிள்ளினார், இந்த முறை திருகி.

சபரிநாதன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சன்னமான குரலில், ஒரேயடியாக உயர்த்திச் சொன்னார்.

எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அதைக் கெசி பிடித்துக்கொண்டிருந்தாள். வெயிலில் கன்னம் சிவந்து, கத்திக் கத்திச் சிரித்து, மூச்சு வாங்க மறுபடி கத்த, என் தோளில் அவள் நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது. கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த அதே நெஞ்சு. ஊரே கேட்கிற மாதிரிக் கத்துகிறது. இதை எண்ணுவதற்கு ஒரு வாட்ச்சா?

கையை இறக்கினேன்.

"ஒரு தரம்" என்றார் மாமா. "ரெண்டு தரம்..."

நின்றுவிட்டார். துண்டால் முகத்தைத் துடைத்தார். ஆயர் குனிந்துகொண்டார். அத்தை என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா மச்சான், நாக்கு சுளுக்கிக்கிச்சா?" கலியன் மாமாதான். எழுந்தே நின்றுவிட்டார். "பீடத்துல வெச்சது வெச்சதுதான்னு சொன்ன வாய் எங்க? சொல்லு நைனா, கேக்கத்தான மூணு வருசமா காத்துக்கினு இருக்கேன்!"

சிரித்தது யார் முதலில் என்று தெரியாது. மாமாவே ஸ்டூல் ஆட ஆடச் சிரித்தார். கண்ணில் தண்ணீரோடு, "உனக்கும் ஒரு நாள் வரும்னு தெரியும்டா எனக்கு!" என்று சொல்லிவிட்டு, தட்டில் ஓங்கி அடித்தார்.

"மூணு தரம்!"

தொகையை இங்கே எழுத மாட்டேன். அதை ஆயர் நோட்டில் எழுதிக் காட்டியதும் மாமா ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டார். ஞாயிறு பள்ளிக்கூடத்தின் தகரக் கூரையை எடுத்துவிட்டு நல்ல கூரை போட்டு, மின்விசிறியும் மாட்டலாம் என்றார் ஆயர்.

சபரிநாதன் எங்களிடம் வந்தார். "நல்ல கை பட்டிருக்கு இதுல. யாரு சாவி கொடுத்தது?" என்று கேட்டார். நான் என்றேன். எதற்கு என்று கேட்டார். சொன்னேன். தண்ணியில் போட்டதையும் சொல்லிவிட்டேன், பயந்துகொண்டே. அவர் லென்ஸைப் பைக்குள் போட்டுவிட்டு, "அப்போ அதே வேலையைத்தான் கடைசி வரைக்கும் செஞ்சிருக்கு" என்றார். கெசி கையில் வாட்ச்சைக் கொடுத்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். வாட்ச் பெட்டியில் வைப்பாராம். கையில் கிடைத்ததும் அவள் அதை வாயில் வைத்தாள். போட்டோவிலும் அப்படித்தான் இருக்கிறாள்.

கிளம்பும்போது கலியன் மாமா வழிமறித்தார். சேவலை மாமா கையில் திணித்தார்.

"இந்தா மச்சான். ஊட்ல மணி பாக்க ஒண்ணுமில்லியே உனக்கு. இதுக்கு சாவி குடுக்க வேணாம். கம்பு போட்டா போதும்."

மாமா சேவலைப் பார்த்தார், கலியன் மாமாவைப் பார்த்தார். "நேரம் சரியா காட்டுமாடா?"

"உனக்கு எது சரியாப் போச்சு?"

இரண்டு பேரும் சேவலோடு டீக்கடைக்குப் போனார்கள்.

பிப்ரவரி 10, திங்கள்

காட்டவில்லை. இரவு இரண்டு மணிக்குக் கூவியது. பி ஷிப்ட் முடிந்து வந்து படுத்த எபி எழுந்து பல் விளக்கிவிட்டார்.

பிப்ரவரி 13, வியாழன்

சளி முழுக்க நின்றுவிட்டது. மாமா அடிக்கடி வெறும் மணிக்கட்டைப் பார்க்கிறார். பார்த்ததும் பக்கத்தில் யாராவது இருந்தால் சொறிகிற மாதிரிச் செய்கிறார். அத்தை இன்று சொன்னார்: "நேரத்துக்கு வராத ஆளக் கட்டிக்க மாட்டேன்னேன். கட்டிக்கினேன். இனிமே எப்போ வந்தா இன்னா, போய்யா." மாமா இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தார். சூடாகவே சோறு போட்டார் அத்தை.

விரல் வைத்துப் பார்த்தேன். ஒரே ஒரு தடவை. எண்ணவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

பகலிலேயே எழுதுகிறேன். கோயிலுக்குக் கிளம்பணும்.

நேற்று பாயில் சாய்ந்தது நினைவிருக்கிறது. அவ்வளவுதான். சேவல் எத்தனை முறை கூவியதோ, தெரியாது. கண் விழித்தபோது ஜன்னலில் நல்ல வெயில். கெசியா எனக்கு முன்பே எழுந்து என் நெஞ்சின் மேல் உட்கார்ந்திருந்தாள். மூஞ்சியை ரொம்பத் தீவிரமாக வைத்துக்கொண்டு, ஒரு விரலை என் மூக்குக்குக் கீழே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் வேண்டுமென்றே பலமாக ஊதினேன். அவள் சிரித்த சிரிப்பில் வாசலில் சேவல் பதிலுக்குக் கூவியது.